கொட்டுபவன் வெளியே!

இசைக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை, நாடு இல்லை, எல்லை இல்லை! மேடைதோறும் கேட்கும் பேச்சு இது. பேசுவோருக்குப் பெருமை, கேட்போருக்கு இனிமை. அப்படிப் பேசி முடித்தவரைத் தேனிக்கு அழைத்துச் செல்வோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று முல்லையாறு பாயும் பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டுவோம். ஏதேனும் ஓர் ஊரில் இறங்கி, "ஐயா, இவ்வூரில் தப்புக் கொட்டுபவர் வீடு எது?" என்று அவரையே கேட்கச் சொல்வோம். விரல் எத்திசையில் நீளும்? தேரோடும் வீதியையா காட்டும்? ஊரைக் கடந்து, வயலைக் கடந்து, ஒதுங்கிக் கிடக்கும் குடியிருப்பைத்தானே காட்டும்! எல்லை இல்லாத இசைக்கு இங்கே ஊரெல்லை இருக்கிறது. சாதி இல்லாத இசைக்கு இங்கே சாதிப் பெயரே இருக்கிறது.

பறை என்னும் கருவியின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தை அழைத்து, அந்தப் பெயரையே இழிசொல்லாக்கி, ஆங்கில அகராதிக்கும் அனுப்பி வைத்த நாடு இது. ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் வெள்ளைக்காரன் வழங்கும் 'பரையா' என்னும் சொல் நம் மண்ணிலிருந்து சென்றதே. மலையிலிருந்து மிளகு போயிற்று, ஏலம் போயிற்று, அவற்றோடு இந்தச் சொல்லும் கப்பலேறிப் போயிற்று!

இத்தனைக்கும் பழந்தமிழர் பறையை இழிவென்று எண்ணியவர்கள் அல்லர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று கருப்பொருள் வகுக்கும்போது பறையையும் அவற்றோடு வைத்தது. புறநானூற்றின் 335 ஆம் பாடல், சிறந்த குடிகள் நான்கை எண்ணும்போது பறை முழக்குவோன் குடியையும் அவற்றுள் ஒன்றாக எண்ணியது. அந்தப் பறைதான் பின்னாளில் ஊருக்கு வெளியே துரத்தப்பட்டது.

இந்த இழிவை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதை அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த ஜாஸ் இசையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஜாஸ் என்றதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மது விடுதி, மங்கிய விளக்கு, குட்டைப் பாவாடை, இவைதானே நமக்குத் திரைப்படம் கற்பித்த ஜாஸ்! கற்பித்தது தவறான பாடம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் வரலாறு.

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டி இழுத்துச் செல்லப்பட்ட மக்கள் அமெரிக்கத் தோட்டங்களில் மாடுகளாய் உழைத்தார்கள். 1739-ல் தென் கரோலினாவில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, முரசு முழக்கியே கூட்டம் சேர்த்தார்கள். ஆண்டைகள் அஞ்சினார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றினார்கள். இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே ஆண்டை, "கொட்டாதே!" என்றான். இங்கே ஆண்டை, "கொட்டு!" என்றான். என் வீட்டுப் பிணத்துக்குக் கொட்டு, என் கோயில் விழாவுக்குக் கொட்டு, நான் கூப்பிட்டபோதெல்லாம் கொட்டு, கொட்டிவிட்டு எட்டி நில்! கட்டளைகள் இரண்டும் எதிரெதிர். கட்டளையிட்ட கை ஒன்றுதான். கொட்டக் கூடாது என்பதும் அடிமைத்தனம். கொட்டியே ஆக வேண்டும் என்பதும் அடிமைத்தனம்.

நியூ ஆர்லியன்சு நகரில் மட்டும் ஒரு சிறு வாயில் திறந்திருந்தது. காங்கோ சதுக்கம் என்னும் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆடவும் முழக்கவும் விட்டுவைத்தார்கள். அந்த ஆட்டமும், அடிமைத்தளை அறுந்தபின் அம்மக்கள் கைக்கொண்ட எக்காளம், கிளாரினெட் முதலிய கருவிகளும், உழைப்புப் பாட்டும் தேவாலயப் பாட்டும் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் வாசலில் ஜாஸ் பிறந்தது.

அந்நகரின் சாவு ஊர்வலத்தை நம் கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். இடுகாட்டுக்குப் போகும்போது வாத்தியக் குழு மெல்ல மெல்லச் சோகப் பண் இசைக்கும். அடக்கம் முடிந்து திரும்பும்போது இசை துள்ளும். குழுவுக்குப் பின்னால் குடை பிடித்தும் கைக்குட்டை வீசியும் ஆடிக்கொண்டு ஒரு கூட்டம் சேரும். தெருவில் போவோரும் அதில் சேரலாம். "அட, நம் ஊர் போலவே இருக்கிறதே! தப்புக் கொட்டி, ஆடித்தானே நாமும் வழியனுப்புகிறோம்!" என்று தோன்றும். தோற்றம் ஒன்றுதான்; உறவு வேறு. அங்கே கறுப்பின மக்கள் தாமே தம் காசைச் சேர்த்து உதவிச் சங்கங்கள் அமைத்து, தம் உறவினர் சாவுக்குத் தம் குழுவை அழைத்தார்கள். கொட்டுபவனும் ஆடுபவனும் அழுபவனும் ஒரே கூட்டம். இங்கே கொட்டுபவன் யாருடைய சாவுக்குக் கொட்டுகிறானோ, அந்த வீட்டுத் திண்ணையில் அவன் உட்கார முடியாது. இறந்தவருக்காக இரவெல்லாம் கை வலிக்கக் கொட்டியவனுக்குத் தனிக் குவளையில் தேநீர் தந்த ஊர்கள் தமிழகத்தில் எத்தனை!

ஜாஸின் கதை முழுவதும் வெற்றிக் கதை என்று சொல்ல வரவில்லை. அங்கும் திருட்டு நடந்தது. ஜாஸ் என்னும் பெயரில் 1917-ல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் வாசித்தவர்கள் ஐவரும் வெள்ளையர்கள். படைத்தவன் தெருவில், பதிவானவன் தட்டில்! தமிழர்க்கு இது புதிதா? சதிரை ஆடி வளர்த்த குலப் பெண்களை இழித்துப் பேசியோரின் வீட்டுப் பெண்களே 1930-களுக்குப் பின் அதைப் பரதநாட்டியம் என்று ஆட, உயர்குடி அரங்குகள் கைதட்டின. தேவதாசி முறை ஒழிந்தது நன்று. 1947-ல் அதற்குச் சட்டம் வந்ததும் நன்று. ஆனால் கலைக்குக் கிடைத்த மாலை, கலையைக் காத்தவர் கழுத்துக்குப் போகவில்லை. கலையை எடுத்துக்கொள், கலைஞனைத் தள்ளிவை! இந்த வாணிபத்துக்கு நியூ ஆர்லியன்சு என்ன, சென்னை என்ன!

இனி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வருவோம். 1920-களில் அங்கே இரண்டு ஆடரங்குகள் பேர்பெற்றிருந்தன. ஒன்று காட்டன் கிளப். டியூக் எலிங்டன் என்னும் மேதை 1927 முதல் அங்கே தம் குழுவோடு வாசித்தார். மேடையில் இசைப்போர் கறுப்பர், ஆடுவோர் கறுப்பர், எதிரே மேசையிட்டு அமர்ந்து சுவைப்போர் வெள்ளையர். கறுப்பன் வாசிக்கலாம், வந்து உட்காரக் கூடாது! மற்றொன்று 1926-ல் திறந்த சவாய் ஆடரங்கு. அங்கே வாயிலில் நிறம் பார்க்கவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். முதுகெலும்பு வளைந்து, உருவம் குறுகியிருந்த சிக் வெப் என்னும் முரசுக் கலைஞர் அங்கே அரசர். 1937 மே மாதத்தில், 'ஸ்விங் மன்னர்' என்று விளம்பரம் பெற்ற வெள்ளையர் பென்னி குட்மன் தம் குழுவோடு வந்து சிக் வெப் குழுவோடு போட்டியிட்டார். ஆடியோரே நடுவர். வென்றவர் சிக் வெப்! அந்த அரங்கை 1943-ல் ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டிச் சில மாதங்கள் பூட்டினார்கள். இரு நிறத்தாரும் கைகோத்து ஆடியதே உண்மையான குற்றம் என்று ஹார்லெம் மக்கள் உணர்ந்திருந்தார்கள். சமத்துவத்துக்கு ஒழுக்கக்கேடு என்று பெயர் சூட்டுவது நம் நாட்டு வைதிகர் மட்டும் கற்ற வித்தை அன்று.

இதோ நாம் தேடிய அளவுகோல்: ஆடும் தளம் யாருக்கு உரியது? கொட்டுபவனும் ஆடுபவனும் ஒரே தரையில் நிற்கிறார்களா? நம் ஊர்த் திருவிழா காட்டன் கிளப்பா, சவாயா?

விடையைச் சொல்வதற்கு முன், இசையையும் சற்றுப் பார்ப்போம். தாளத்தைத் தொடாமல் தத்துவம் மட்டும் பேசினால் அது விமர்சனம் ஆகாது. ஸ்விங் என்பது ஜாஸ் 1930-களில் பெற்ற ஆட்ட வடிவம். நான்கு எண்ணிக்கையில் நடக்கும். ஆனால் ஒவ்வோர் எண்ணிக்கையும் சரிபாதியாகப் பிளவுபடாது. முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். 'தகிட' என்று சொல்லி நடு எழுத்தை விழுங்கிப் பாருங்கள், 'த..ட, த..ட' என்று வரும் அந்த அசைவே ஸ்விங்கின் உயிர். அழுத்தமும் ஒன்றில் விழாமல் இரண்டிலும் நான்கிலும் விழும். அதனால்தான் கேட்பவன் உடல் தானாகத் துள்ளுகிறது. மும்மை நடை நமக்கு அயலா? நம் நாட்டுப்புறத் தாளங்கள் பல அந்த நடையில்தான் ஓடுகின்றன. வட்டக் கட்டையில் இழுத்துக் கட்டிய தோலைத் தீயில் காய்ச்சி இறுக்கி, இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி கொண்டு கலைஞன் முழக்கும்போது, ஒரு குச்சி தாளம் சொல்ல, மறுகுச்சி அதை மறுத்துப் பேசுகிறது. கொட்டிக்கொண்டே காலும் ஆடுகிறது. கருவியும் ஆட்டமும் பிரியாத கலை அது. ஒருவர் புதிய அடி வைக்க, மற்றவர் அதை வாங்கித் திருப்பித் தருவதும், முன்னெழுதிய தாளைப் பாராமல் அந்த நொடியில் படைப்பதும் ஜாஸ் குழுவின் பெருமை என்றால், தப்புக் குழுவுக்கும் அதே பெருமை உண்டு. காது உள்ளவன் மறுக்க முடியாது. சாதி உள்ளவன்தான் மறுப்பான்.

நம் கலை இயக்கங்கள் என்ன செய்தன? 1943-ல் தோன்றிய தமிழிசைச் சங்கம் போற்றத்தக்கது. தமிழன் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்த வெட்கக்கேட்டை அது துடைத்தது. ஆனால் எந்த மொழியில் பாடுவது என்று கேட்ட அந்த இயக்கம், எந்தக் கருவி மேடையேறுவது, யார் கை அதைத் தொடுவது என்று அதே வேகத்தோடு கேட்கவில்லை. தியாகராயர் இருந்த இடத்தில் தேவாரம் அமர்ந்தது. மிருதங்கம் இருந்த இடத்தில் மிருதங்கமே இருந்தது. மாட்டுத்தோல் மிருதங்கத்திலும்தான் இருக்கிறது! அது மேடையில் இருந்தால் தெய்விகம், தெருவில் இருந்தால் தீட்டு!

திரைப்படம்? 1950-களிலும் 60-களிலும் ஜாஸும் ஸ்விங்கும் தமிழன் காதுக்கு வந்தது அதன் வழியேதான். எம்.எஸ்.விசுவநாதனும் ராமமூர்த்தியும் டிரம்பெட்டையும் சாக்சபோனையும் பாங்கோவையும் தமிழ் மெட்டோடு இழைத்த திறம் இன்றும் வியப்பளிக்கிறது. ஆயினும் கதாசிரியர்கள் அந்த இசையை எங்கே வைத்தார்கள்? கொள்ளைக்காரன் கூடாரத்தில், குடிகாரன் விடுதியில்! கதாநாயகி பாடினால் வீணை ஒலிக்கும். 'கெட்டுப்போனவள்' ஆடினால் சாக்சபோன் ஒலிக்கும். எல்.ஆர்.ஈசுவரியின் அருமையான குரலை எத்தனை படங்கள் அந்த விடுதிக்குள்ளேயே பூட்டி வைத்தன! பறைக்குச் சாவு வீடு, ஜாஸுக்குச் சாராய விடுதி. உடலை ஆடவைக்கும் இசை எதுவாயினும் இழிவு என்னும் பழைய வைதிக எண்ணமே இரண்டு இடத்தையும் ஒதுக்கிக் கொடுத்தது. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' ஒரு நல்ல விலக்கு. அதில் பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவே காட்சியாயிற்று. இசையமைப்பாளரும் பாடகரும் கருவி வாசிப்போரும் திரையில் தோன்றினார்கள். திரைக்குப் பின்னிருந்து உழைத்தவனுக்கு முகம் உண்டு என்று மக்கள் அன்று கண்டார்கள்.

அந்தக் காலத்தில்தான், 1963-ல், டியூக் எலிங்டனே தம் குழுவோடு சென்னைக்கு வந்து வாசித்தார். அவரை அனுப்பியது அமெரிக்க அரசு. தன் நாட்டின் சுதந்திரச் சிறப்பை உலகுக்குக் காட்ட! அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் பர்மிங்காம் நகரின் தேவாலயத்தில் வெள்ளை வெறியர் வைத்த குண்டு நான்கு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றது. வெளிநாட்டில் கலைக்கு மாலை; உள்நாட்டில் இனத்துக்குக் குண்டு! இந்தப் பொய்யை லூயி ஆம்ஸ்ட்ராங் முன்பே உடைத்தார். 1957-ல் லிட்டில் ராக் நகரில் கறுப்பு மாணவர்கள் பள்ளி வாயிலில் மறிக்கப்பட்டபோது, அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தை, "போக மாட்டேன்" என்று அவர் உதறினார். எப்போதும் சிரித்த முகத்தோடு எக்காளம் ஊதிய கலைஞர், ஊத மறுத்த அன்று இன்னும் உயர்ந்தார்.

இந்த 'மாட்டேன்' நம் நாட்டிலும் ஒலித்தது. "சாவுக்குப் பறை கொட்ட மாட்டோம்" என்று எத்தனையோ ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் மறுத்தார்கள், மறுத்ததற்காக அடிபட்டார்கள். 1989-ல் போடிப் பகுதியைச் சுட்ட சாதித் தீயைக் கண்டவர்களுக்கு, இப்பள்ளத்தாக்கில் மறுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்துதான் இசையின் எல்லைகளை உடைத்த குடும்பம் ஒன்று புறப்பட்டது. பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கொடியின்கீழ்ப் பாடினார். கொடி வேறாயினும் குமுறல் நமக்கு அயலன்று. 1958-ல் மலைமேல் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாட்டு பரப்புரை செய்தது. அண்ணன் குழுவில் சிறுவனாய்ச் சேர்ந்த இளையராசா, பின் சென்னையில் தன்ராசு மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, 1976-ல் 'அன்னக்கிளி'யோடு திரையுலகில் நுழைந்தார். தப்பும் உறுமியும் பாஸ் கிட்டாரோடும் டிரம்பெட்டோடும் சரிசமமாய் அமர்ந்தன. ஜாஸ் விடுதியை விட்டு வெளியே வந்து வயல்வரப்பில் நடந்தது. 2025 மார்ச் 8-ல் அவருடைய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. சாதிக் கொடுமை எட்டாத மாடத்தில் பிறந்தவரா அவர்? இல்லை, அதனால்தான் அந்தப் பெருமை நம் பெருமை.

ஆனால் அந்தப் பெருமையை ஊர் எப்படிச் சுவைக்கிறது என்பதே நம் வழக்கு. அவர் பாட்டில் பறை ஒலித்தால் பேருந்தே தலையாட்டுகிறது. பறை கொட்டுபவர் அதே பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தால் சிலர் நகர்ந்து உட்காருகிறார்கள். செவி திறந்தது, தெரு திறக்கவில்லை.

இன்றைய திருமண ஊர்வலங்களைப் பாருங்கள். குமுளி மலைக்கு அப்பாலிருந்து செண்டை மேளத்தைப் பெரும்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். செண்டை சிறந்த கலை. அதன்மேல் நமக்குப் பகையில்லை. ஒலிபெருக்கி வண்டிக்கு முன்னும் இளைஞர்கள் ஆடுகிறார்கள். ஆடட்டும், ஆடுவது உடலின் உரிமை. ஆனால் ஊருக்குள்ளேயே இருக்கும் தப்புக் குழுவைச் சாவுக்கு மட்டும் அழைக்கிறார்களே, ஏன்? மலை தாண்டி வந்தவனுக்குப் பந்தியில் இலை, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவனுக்குப் பின்வாசலில் பொட்டலம், ஏன்? வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் மேளம் கேட்டு மெய்சிலிர்க்கும் கூட்டம், சிலிர்க்க வைத்த கையைப் பற்றிக் குலுக்கத் தயங்குகிறதே, ஏன்? நம் விழா இன்னும் காட்டன் கிளப்தான்!

தீர்வு என்ன? "பறை அடிமைச் சின்னம், அதைத் தீயிலிடு" என்கிறார்கள் ஒரு சாரார். "பறை ஆதித் தமிழன் கருவி, அதைப் போற்று" என்கிறார்கள் மறுசாரார். முதல் சாராரின் கோபத்தை மதிக்கிறோம். கட்டாயத்தின் பேரில் கொட்டும் ஒவ்வோர் அடியும் நிறுத்தப்பட வேண்டும். ஆனால் குற்றம் தோலிலும் கட்டையிலும் இல்லை, ஏவியவனிடம் இருக்கிறது. முரசைப் பறித்த சட்டத்தால் ஆண்டைக்குத்தான் ஆதாயம். இரண்டாம் சாராரிடமும் ஒன்று கேட்போம்: பெருமை பேசுகிறீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் பறையைக் கொடுப்பீர்களா? பழம்பெருமை பேசிவிட்டுப் பழைய இடத்திலேயே கலைஞனை நிறுத்துவது போற்றுதல் ஆகாது.

வழிகாட்டிகள் அருகிலேயே இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆணுக்கே உரியது, சாவுக்கே உரியது என்ற இரு வேலிகளையும் ஒருசேர உடைத்தார்கள். மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025-ல் பத்மசிறீ விருது பெற்றார். விருது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் விருதைத் தில்லி தரலாம். பந்தியில் பக்கத்து இலையை ஊர்தான் தர வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்களே! அடுத்த சுயமரியாதைத் திருமணத்துக்குப் பறைக் குழுவை அழையுங்கள். அழைப்பிதழில் அவர்கள் பெயரை அச்சிடுங்கள். செண்டைக்குத் தரும் ஊதியத்தை அவர்களுக்கும் தாருங்கள். முதல் பந்தியில் உடன் அமர்ந்து உண்ணுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், அவர்களிடம் பறை கற்கட்டும்; கற்பிப்பவரை ஆசான் என்று அழைக்கட்டும். சாவு வீட்டுக்குக் கொட்ட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் துணையாக நில்லுங்கள்.

அப்போது இசைக்குச் சாதி இல்லை என்று மேடையில் முழங்கலாம், பொய்யாயிராது. கொட்டுபவன் முதலில் உள்ளே வரட்டும். பிறகு, எல்லோரும் ஆடுவோம்!